ஸ்லீப் ஆப்னியா: ஜிபி ரெஃபரல் தர மறுத்தபின் எந்த வழி நல்லது?

வீடே அதிரும் குறட்டை, நடுவே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது, காலைத் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுவது. இவை ஸ்லீப் ஆப்னியா என்னும் தூக்க மூச்சுத்தடை நோயின் அறிகுறிகள். எல்லாவற்றையும் சொன்ன பிறகும் "எடையைக் குறைத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லி, தூக்க கிளினிக்குக்கு ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்) தராமல் ஜிபி (குடும்ப மருத்துவர்) அனுப்பிவிட்டால் இங்கிலாந்தில் இருப்பவர் என்ன செய்யலாம்? வழிகள் நான்கைந்து உண்டு. பலரும் அவற்றைச் செலவையும் காத்திருப்பையும் மட்டும் வைத்து ஒப்பிடுகிறார்கள். மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும். காசு இருந்தால், காற்றை ஊதி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சீபாப் மெஷின் இந்த வாரமே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஆறு மாதம் கழித்து மாஸ்க் காற்றை விட்டாலோ, ஓட்டுநர் உரிமம் தரும் டிவிஎல்ஏ உங்கள் மருத்துவரிடம் பதில் கேட்டாலோ, உங்களைத் தன் நோயாளியாக வைத்திருக்கும் கிளினிக் ஒன்று இருக்குமா? கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியோடு சேர்த்தே எடைபோட்டிருக்கிறோம்.

முதலில், மறுத்தது யார்?

ஜிபி கடிதமே எழுதாதது ஒரு வகை. ஜிபி எழுதி, மருத்துவமனையின் தூக்க கிளினிக் திருப்பி அனுப்பியது இன்னொரு வகை. ரிசப்ஷனில் கேட்டால் இரண்டுக்கும் "ரிஜெக்ட் ஆகிவிட்டது" என்ற ஒரே பதில்தான் வரும். கிளினிக் அனுப்பிய பதில் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் மதிப்பெண் இல்லை, செய்யும் வேலை, வாகனம் ஓட்டுவது, கூட இருக்கும் நோய்கள் எதுவும் எழுதப்படவில்லை என்பது போன்ற காரணமாக இருந்தால் பெரிய போராட்டம் தேவையில்லை. விடுபட்டதைச் சேர்த்து மறுபடி அனுப்பச் சொன்னால் போதும். ஜிபியே மறுத்திருந்தால் மேலே படியுங்கள்.

அதே சர்ஜரிக்கு (ஜிபி கிளினிக்குக்கு), எழுத்தில்

செலவு இல்லாதது. பெரும்பாலோர் முதலில் முயல வேண்டியதும் இதுதான். இதில் வெற்றி கிடைத்தால் பரிசோதனை, மெஷின், மாஸ்க், குழாய், ஃபில்டர், வருடக்கணக்கான கவனிப்பு எல்லாமே அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் செலவில் வந்துவிடும்.

உங்கள் கையில் இருக்க வேண்டியது, சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் அமைப்பான நைஸ் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட என்ஜி202 வழிகாட்டுதல். குறட்டை, மற்றவர் கண்ட மூச்சு நிற்றல், தூங்கியும் களைப்புத் தீராமை, எழும்போது தலைவலி, காரணம் புரியாத பகல் தூக்கம் அல்லது அசதி, இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல், தூக்கத்தில் மூச்சடைப்பு, துண்டுபட்ட தூக்கம், ஞாபக மறதி ஆகியவற்றில் இரண்டு இருந்தாலே ஸ்லீப் ஆப்னியாவுக்கான மதிப்பீடு தேவை என்கிறது அது. எடை குறைந்த பிறகுதான் ரெஃபரல் என்ற நிபந்தனை அதில் எங்கும் இல்லை. எப்வொர்த் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ரெஃபரலை முடிவு செய்யக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது, ஏனென்றால் இந்த நோய் உள்ள எல்லோருக்கும் பகல் தூக்கம் வருவதில்லை. மறுப்புகளில் கணிசமானவை உடைவது இந்த ஒரு வரியில்தான்.

எப்வொர்த் என்பது எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் அளவுக்கு மீறிய தூக்கம் என்று பொருள். நம்மவர்கள் இதைக் குறைத்தே நிரப்புகிறார்கள். டிராஃபிக்கில் நிற்கும் காரில் கண்ணயர்வீர்களா என்ற கேள்விக்கு லைசென்ஸ் பயத்தில் பூஜ்யம் போடுவார்கள். மதியம் படுக்க நேரமே இல்லாதவர் மதியத் தூக்கக் கேள்விக்கும் பூஜ்யம் போடுவார். கேட்கப்படுவது அந்தச் சூழ்நிலையில் இருந்தால் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான். அப்படி நினைத்துப் பார்த்து நிரப்பினால் மதிப்பெண் மாறும்.

ஸ்டாப்-பேங் என்ற இன்னொரு படிவத்தில் ஆம்/இல்லை கேள்விகள் எட்டு. மூன்று ஆம் வந்தால் நடுத்தர ஆபத்து, ஐந்தும் அதற்கு மேலும் அதிக ஆபத்து. தெற்காசியருக்கு இதில் ஒரு பள்ளம் உண்டு. எடைக்கான புள்ளி பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு) 35-ஐத் தாண்டினால்தான் கிடைக்கும். 1.68 மீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் உள்ளவரின் பிஎம்ஐ 27.6, ஆகவே அவருக்கு அந்தப் புள்ளி இல்லை. ஆனால் நைஸின் உடல் பருமன் வழிகாட்டுதல் தெற்காசியருக்கு 27.5-ஐயே பருமனின் எல்லையாக வைக்கிறது. "நீங்கள் குண்டாக இல்லையே" என்ற பதில் வந்தால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

ஃபோனில் வாதாடாமல் சர்ஜரியின் ஆன்லைன் படிவத்தில் அரைப் பக்கம் எழுதுங்கள். என்ன அறிகுறி, வாரத்தில் எத்தனை இரவு, பார்த்தவர் யார், ரத்த அழுத்த எண்களும் அதற்கான மாத்திரைகளும், நீரிழிவு அல்லது தைராய்டு உண்டா, வேலை என்ன, வண்டி ஓட்டுகிறீர்களா. மூச்சு நின்று மறுபடி இழுக்கும் இடத்தைத் துணைவர் இரண்டு நிமிட வீடியோவாக எடுத்து வைத்தால், வாய்வார்த்தையை விட அதற்கு மதிப்பு அதிகம். "என்ஜி202-இன்படி ரெஃபரல் கேட்கிறேன், மறுப்பதானால் காரணத்தை என் மருத்துவக் குறிப்பில் பதியுங்கள்" என்பது கடைசி வரியாக இருக்கட்டும். அதே சர்ஜரியில் வேறு ஜிபியைப் பார்க்கவும் கேட்கலாம். இரண்டாவது கருத்து சட்டப்படியான உரிமை இல்லை என்றாலும் அதை மறுப்பவர்கள் அபூர்வம்.

லாரி, பஸ் ஓட்டுநர்கள், விழிப்பு தவறினால் விபத்தாகும் வேலையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், நிலையற்ற இதய நோய் உள்ளவர்கள், பெரிய அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் இருப்பவர்கள் ஆகியோரை முன்னுரிமையில் பார்க்கச் சொல்கிறது அதே வழிகாட்டுதல். இந்தப் பட்டியலில் இருப்பவர் காசு செலவழிக்கும் முன் இந்த வழியை ஒருமுறையாவது முழுதாக முயல வேண்டும்.

ரைட் டு சூஸ்: பலர் நினைப்பது போல் இல்லை

வாட்ஸ்அப் குழுக்களில் அதிகம் பகிரப்படும் அறிவுரை இது. என்எச்எஸ் ஒப்பந்தம் உள்ள எந்த நிறுவனத்தையும், தனியார் உட்பட, நோயாளியே தேர்ந்தெடுக்கலாம், செலவு என்எச்எஸ்ஸுடையது என்பது உண்மைதான். ஆனால் எங்கே என்பதில்தான் தேர்வு. போகலாமா கூடாதா என்பதை ஜிபியே முடிவு செய்கிறார். அவர் கடிதம் எழுத மறுத்துவிட்டால் இந்த உரிமைக்கு வேலையே இல்லை. ஜிபி சம்மதித்து உள்ளூர் கிளினிக் திருப்பினாலோ, அங்கே காத்திருப்பு நீண்டாலோதான் இது கைகொடுக்கும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இந்த ஏற்பாடு கிடையாது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லும் முன் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: பரிசோதனை மட்டுமா, மெஷினும் வருடாந்தரக் கவனிப்பும் நீங்களே தருவீர்களா? பரிசோதனையோடு நிறுத்துபவராக இருந்தால், மெஷினுக்காகப் பழைய வரிசையில்தான் மறுபடி நிற்க வேண்டிவரும்.

தனியாரில் பரிசோதனை, சிகிச்சை என்எச்எஸ்ஸில்

ஜிபி இரண்டாம் முறையும் அசையவில்லை என்றால் எங்கள் தேர்வு இதுதான். வீட்டுக்குத் தபாலில் வரும் ஓரிரவுப் பரிசோதனைக்குப் பொதுவாக 150 முதல் 300 பவுண்டு. அந்த அறிக்கையோடு திரும்பிப் போகும்போது, குறட்டைப் புகாரைத் தள்ளிய ஜிபியால் அறிக்கையின் எண்ணை எளிதில் தள்ள முடியாது. காசு கொடுத்துப் பரிசோதித்ததால் என்எச்எஸ் சிகிச்சை பறிபோகாது, வரிசையில் முன்னால் இடமும் கிடைக்காது. சில கிளினிக்குகள் பரிசோதனையை மறுபடி செய்யும்.

எந்தக் கருவி என்பதில் கவனம் வேண்டும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் மட்டும் என்றால் மலிவு, ஆனால் ஒல்லியானவர்களிடமும் இளவயதினரிடமும் ஆக்ஸிஜன் இறங்கும் முன்பே மூளை விழித்துக்கொள்வதால் நோய் கண்ணில் படாமல் போகலாம். கருத்த தோலில் ஆக்ஸிமீட்டர் உண்மையை விடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் தெரிந்த விஷயம். மூக்கில் காற்றோட்டக் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் உணரி என்று வரும் பாலிகிராஃபியே மேல். நைஸ் முதலில் சொல்வதும் அதையே.

அதிலும் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. மணிக்கு எத்தனை மூச்சுத்தடை என்பதுதான் ஏஎச்ஐ. 5 முதல் 15-க்குள் லேசானது, 15 முதல் 30-க்குள் மிதமானது, 30-உம் அதற்கு மேலும் கடுமையானது. வீட்டுக் கருவிகள் பலவற்றால் தூக்கத்தை அளக்க முடியாது, பதிவான நேரத்தால் வகுத்துவிடும். எட்டு மணி நேரப் பதிவில் 90 தடை என்றால் 11, அதாவது லேசானது. அதில் உண்மையில் தூங்கியது ஐந்து மணி நேரம்தான் என்றால் அதே 90 தடை 18 ஆகி மிதமானதாகிறது. எனவே படுத்ததும், தூங்கியதும், நடுவில் விழித்துக் கிடந்ததும் எப்போது என்று தாளில் குறித்து அனுப்புங்கள். நகப்பூச்சை அழித்துவிடுங்கள். மூக்குக் குழாயைக் கன்னத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். அது நழுவினால் அந்த இரவே பாழாகலாம்.

அறிக்கையில் ஏஎச்ஐ, ஆக்ஸிஜன் இறக்க எண், சராசரி மற்றும் மிகக் குறைந்த ஆக்ஸிஜன், பதிவு நேரம், மல்லாந்து படுத்தபோது தனியாக எவ்வளவு, ஆராய்ந்தவரின் பெயரும் தகுதியும் இருக்க வேண்டும். மென்பொருள் தானாகத் துப்பும் ஒற்றைப் பக்கத்தைக் கிளினிக் ஏற்காமல் போகலாம். காசு கட்டும் முன் மாதிரி அறிக்கை கேளுங்கள்.

பரிசோதனைக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று: தனியாரில் வந்த நோயறிதலும் நோயறிதல்தான். மிதமான அல்லது கடுமையான ஸ்லீப் ஆப்னியாவும் அதோடு அளவுக்கு மீறிய தூக்கமும் உறுதியானால் ஓட்டுவதை நிறுத்தி டிவிஎல்ஏவுக்குச் சொல்ல வேண்டும். காருக்கு எஸ்எல்1 படிவம், லாரி பஸ்ஸுக்கு எஸ்எல்1வி. சொல்லாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். நோய் கட்டுக்குள் வந்ததும் ஓட்டலாம். ஏஎச்ஐ உயர்ந்திருந்தும் பகல் தூக்கமே இல்லாதவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மறுபுறம், ஸ்டியரிங்கில் கண் சொருகுபவர் எந்த அறிக்கைக்கும் காத்திராமல் சாவியைக் கீழே வைக்க வேண்டியவர்.

முழுக்கத் தனியார், அல்லது சொந்தமாக மெஷின்

தானாக அழுத்தத்தை மாற்றும் புதிய சீபாப் மெஷின் ஏறக்குறைய 500 முதல் 900 பவுண்டு. நாள்பட்ட நோயாளி என்று எழுதிக்கொடுத்தால் வாட் வரி இல்லை. மாஸ்க் தனி விலை, வருடத்துக்கு ஒன்றிரண்டு தேவைப்படும். கவனிப்பும் சேர்ந்த தனியார் கிளினிக் என்றால் செலவு கூடினாலும் பொருள் இருக்கிறது. மெஷினை மட்டும் வாங்கிக்கொள்வதில் டிவிஎல்ஏ இடிக்கும். சிகிச்சையை ஒழுங்காக எடுக்கிறார், தூக்கம் கட்டுப்பட்டது என்று மருத்துவர் உறுதி செய்ய வேண்டும். கார் ஓட்டுபவருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது, லாரி பஸ் ஓட்டுபவருக்கு வருடாவருடம். ஆன்லைன் கடை அந்தக் கையெழுத்தைப் போடாது.

பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மெஷின் 4 முதல் 20 வரை அழுத்தம் என்று திறந்து கிடக்கும். பெரியவர்கள் பலருக்கு 4-இல் மூச்சு முட்டுவது போலிருக்கும், முதல் இரவே மாஸ்க்கைக் கழற்றி எறிவார்கள். அழுத்தம் தேவைக்கு ஏறுவதற்குள் தடைகளும் நடந்து முடிந்துவிடும். வாய் திறந்து தூங்குபவர் மூக்கு மாஸ்க் வாங்கினால் காற்று வாய் வழியே போய், காலையில் நாக்கு காய்ந்து கிடக்கும். எஸ்டி கார்டைக் கழற்றி ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் கசிவும், மெஷின் போட்டும் மிஞ்சும் ஏஎச்ஐயும் தெரியும். மிச்சம் ஐந்துக்குக் கீழே வர வேண்டும். மூச்சுப்பாதை திறந்தே இருந்தும் மூச்சு நிற்பதாக மெஷின் நிறையக் குறித்தால் அது வேறு வகை, அழுத்தத்தைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது.

இதயச் செயலிழப்பு, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), ஓபியாய்டு வகை வலி மாத்திரை, அதிக எடையோடு காலைத் தலைவலியும் கால் வீக்கமும் உள்ளவர்கள் இந்த வழிக்கே வரக்கூடாது. அவர்களுக்கு வேறு வகை மெஷின் தேவைப்படலாம். பழைய மெஷின் வாங்குவதானால் மாடலைப் பாருங்கள்: பிலிப்ஸின் முதல் ட்ரீம்ஸ்டேஷன் வரிசை, உள்ளே உள்ள ஒலித்தடுப்பு நுரை சிதைவதால் 2021 ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. இன்னமும் யாராவது விற்கக்கூடும்.

தாடையை முன்னே தள்ளும் வாய்க்கருவி, சீபாப் ஒத்துவராதவருக்கும் அதை வேண்டாம் என்பவருக்கும் நைஸ் ஏற்கும் மாற்று. பல் உறுதியாக இருக்க வேண்டும். கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடிப்பதை விட, பல் அச்செடுத்து அனுப்பிச் செய்வது நன்றாகப் பொருந்தும். முதலிலேயே தாடையை முழுதாகத் தள்ளினால் மூட்டு வலி எடுக்கும், வாரக்கணக்கில் மெல்ல முன்னேற்ற வேண்டும். நோயே எவ்வளவு என்று அளக்காமல் இதை வாங்கினால் குறட்டை அடங்கி மூச்சுத்தடை மட்டும் தொடரலாம்.

முறைப்படியான புகார் இன்னொரு வழி: முதலில் சர்ஜரி மேலாளரிடம் அல்லது உங்கள் பகுதியின் என்எச்எஸ் சேவைகளைத் திட்டமிடும் ஐசிபியிடம், அதற்குப் பிறகு புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம். நடந்த 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தவறைப் பதிவு செய்ய இது உதவும். சிகிச்சையைச் சீக்கிரம் பெற்றுத் தரும் என்று நம்பி மற்ற வழிகளை நிறுத்தி வைக்காதீர்கள்.

விடுமுறையில் சென்னையிலோ கொழும்பிலோ பரிசோதனை செய்துகொண்டு வருபவர்களும் உண்டு. ஆய்வகத்தில் ஓர் இரவு முழுதும் மூளை அலைகளோடு அளந்த அறிக்கை வீட்டுக் கருவியை விடத் தரமானதுதான், ஜிபியின் மேசையில் வைக்க ஏற்றது. அங்கிருந்து மெஷினையும் தூக்கிக்கொண்டு வருவதில் லாபம் குறைவு. உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும், இங்குள்ள கிளினிக் அதன் தரவைத் தன் கணக்கில் இணைத்துக் கண்காணிக்க மறுக்கலாம். அறிக்கையோடு, பரிசோதனையின் மூலத் தரவையும் பென் டிரைவில் கேட்டு வாங்கி வாருங்கள்.