நகைப்பட்டறை ரோலிங் மிஷின்: லேபுக்கு ஆகுமா?

உலோகத்தை இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுக்கி மெல்லிய தகடாக உருட்டும் கோட்பாடுகளைச் சோதித்துப் பார்க்க லட்சக்கணக்கில் விலை சொல்லும் ஆய்வக மில்தான் வேண்டும் என்றில்லை, நகைப்பட்டறையில் கையால் சுற்றுகிற மிஷினே பாதி தூரம் கொண்டுபோய்விடும். எங்கள் லேபுக்கு வாங்கியது அந்த ரகம்தான், உருளை விட்டம் 60 மில்லிமீட்டர்.

உருளைகளின் பாலிஷ் அருமை, குறையே சொல்ல முடியாது. ஆனால் இறுக்கும் திருகில் ஆட்டம் இருக்கிறது. தடித்த தகட்டுக்குப் பரவாயில்லை, 100 மைக்ரானுக்குக் கீழே இறங்கினால் எரிச்சல்தான், எப்போதும் ஒரே பக்கமாகத் திருகித்தான் இடைவெளி வைக்க வேண்டும். விசையை அளக்கும் லோட் செல்லுக்கு இடமே கிடையாது. திருகுக்கும், உருளை முனையைத் தாங்கும் பேரிங் பிளாக்குக்கும் நடுவில் கொஞ்சம் கடைந்து நாங்களே செருகிக்கொண்டோம்.

சரி, சோதனைக்கு வருவோம். சூடாக்கி ஆறவிட்ட செம்புத் தகடு தடிப்பாக இருக்கும்வரை, உருட்டும்போது எழும் அழுத்தத்துக்கு வான் கார்மன் 1925இல் எழுதிய சமன்பாட்டில் உராய்வைப் பொருத்தமாகப் போட்டால் கணக்கும் லோட் செல்லும் ஓரளவு ஒத்துப்போகின்றன. தகடு மெலிய மெலிய திருகை எவ்வளவு இறுக்கினாலும் விசைதான் ஏறுகிறது, தடிமன் குறைய மாட்டேன் என்கிறது, ஏனென்றால் மிஷினின் சட்டமும் விரிகிறது, தகட்டைத் தொடும் இடத்தில் உருளையும் தட்டையாகிறது. உருளை தட்டையானாலும் வட்ட வில்லாகவே இருக்கும் என்பது ஹிட்ச்காக்கின் 1935 அனுமானம். ஃபாயில் அளவுக்குப் போனால் அது நிற்காது, நடுவில் வழுக்காத தட்டைப் பகுதி ஒன்று உண்டாகிறது என்று 1987இல் ஃப்ளெக்கும் ஜான்சனும் காட்டினார்கள். அந்தப் பகுதியை இந்த மிஷினில் பார்க்க வழியில்லை. இதற்குமேல் மெலியாது என்கிற தடிமனைச் சொல்லும் ஸ்டோன் சூத்திரப்படி, உராய்வுக் குணகம் 0.1, இறுகிய செம்பின் வலிமை 350 மெகாபாஸ்கல் என்று வைத்தால், எஃகு உருளைக்கு எல்லை தோராயமாக 36 மைக்ரான். கை அதற்கு வெகு முன்பே ஓய்ந்துவிடும்! ஆனால் எண்ணெய் தடவினால் அதே இறுக்கத்தில் தகடு இன்னும் மெலிந்து வருவதை மைக்ரோமீட்டரில் நன்றாகவே பார்க்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. உருளையில் மெல்லிய கீறல் ஒன்று போட்டுவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தகட்டில் ஒரு கோடு பதியும். உருளைச் சுற்றளவு 188.5 மில்லிமீட்டர், கோடுகளுக்கு நடுவே அதைவிடக் கூடுதலாக வரும். தகடு உருளையை முந்திக்கொண்டு வெளியேறுகிறது என்பதற்கு வெறும் ஸ்கேலே சாட்சி. அப்புறம், கீறினால் வாரண்டி போய்விடும் என்று கடைக்காரர் முகத்தைச் சுளித்தார், அது வேறு விஷயம்.

பட்ஜெட் இருந்தால் மோட்டார் வைத்ததையே வாங்குங்கள். கையால் சுற்றினால் வேகம் சீராக இருக்காது, எண்ணெய் போட்டிருந்தால் உராய்வும் கூடவே மாறும், லோட் செல் எண் ஒரு இடத்தில் நிற்காது.