‘மேப் ஆஃப் தி யுனிவர்ஸ்’: பொருளுக்கு நல்ல வரைபடம், கதிர்வீச்சுக்கு அரைகுறை

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வானியலாளர் பிரீஸ் மெனார், அங்கே படித்த நிகிதா ஷ்டார்க்மனுடன் சேர்ந்து உருவாக்கி 2022 நவம்பரில் வெளியிட்ட ‘மேப் ஆஃப் தி யுனிவர்ஸ்’ என்னும் இணைய வரைபடத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். படமாகப் பதிவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம். பிரபஞ்சத்தில் எது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரே திரையில் விடை சொல்ல முயலும் இந்தப் படைப்பு, பொருளை (விண்மீன் திரள்கள் போன்ற பருப்பொருளை) பொறுத்தவரை பெருமளவு வெற்றி பெற்றிருக்கிறது என்பதும், கதிர்வீச்சை (விண்வெளியில் பரவியிருக்கும் ஒளியை) பொறுத்தவரை பார்ப்பவரைக் குழப்பக்கூடும் என்பதும் என் கருத்து.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து அப்பாச்சி பாயிண்டில் நிற்கும் 2.5 மீட்டர் தொலைநோக்கி, ஸ்லோன் வான் ஆய்வு என்னும் வான் வரைபடத் திட்டத்துக்காகத் திரட்டிய தரவுகளிலிருந்து, ஏறத்தாழ 2,00,000 விண்மீன் திரள்கள் புள்ளிகளாக இடப்பட்டுள்ளன. தர்பூசணியில் ஒரு கீற்றை அரிந்ததுபோல, வானத்தில் சுமார் 10 பாகை தடிமனுள்ள ஒரு பகுதி மட்டுமே காட்டப்படுகிறது. அதன் கூர்முனையில், அதாவது அடியில், நம் பால்வழித் திரள் இருக்கிறது. மேலே செல்லச் செல்லத் தொலைவும் கூடுகிறது, நாம் காணும் ஒளி புறப்பட்ட காலமும் பின்னோக்கிப் போகிறது.

அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் இதில் கிடைக்கும் முதன்மையான இன்பம். வெளிர்நீலச் சுருள் திரள்கள் ஒழுங்கற்றுச் சிதறிக் கிடக்காமல் இழை இழையாகக் கோத்துக்கொண்டு, நடுவே பெரும் வெற்றிடங்களை விட்டுச் செல்வது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதற்கு அப்பால் மஞ்சள் நிற நீள்வட்டத் திரள்களும், பின்னர் செம்பெயர்ச்சியால் (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்டு சிவப்புப் பக்கம் நகர்வதால்) சிவந்த அதே வகைத் திரள்களும், இன்னும் தொலைவில் குவேசார்களும் (மையக் கருந்துளையில் விழும் பொருளால் மிகப் பிரகாசமாக ஒளிரும் திரள் மையங்களும்) வருகின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: அந்தந்தத் தொலைவில் அந்த வகை மட்டுமே இருக்கிறது என்று பொருளல்ல. மங்கலான சுருள் திரள்கள் தொலைவில் புலப்படாமல் போய், மிகப் பிரகாசமானவை மட்டும் எஞ்சுவதால்தான் இப்படி அடுக்கடுக்காகத் தோன்றுகிறது. தொலைவைச் செம்பெயர்ச்சியைக் கொண்டு கணிப்பதால், ஒரு கொத்துக்குள் வேகமாக அலையும் திரள்களின் வேகமும் அந்தக் கணிப்பில் கலந்து, கொத்து நம் பார்வைத் திசையில் நீண்டு காணப்படுவதும் இத்தகைய வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் உரிய குறை.

ஒளிர்வது மட்டுமே புள்ளியாகிறது என்பதையும் மறக்கலாகாது. பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் சாதாரணப் பொருளின் பங்கு 5 விழுக்காடு அளவே. அதிலும் பெரும்பகுதி விண்மீன்களாகாமல், திரள்களுக்கு இடையிலும் அவற்றைச் சுற்றியும் மிக அடர்த்தி குறைந்த வாயுவாகப் பரவியிருக்கிறது. சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட கரும்பொருளும் (ஒளிராத, ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் பொருளும்) இதே இழைகளை ஒட்டியே திரண்டிருப்பதால், புள்ளிகள் அதற்கும் ஓரளவு வழிகாட்டுகின்றன எனலாம்.

என் முறையீடு வரைபடத்தின் உச்சி விளிம்பைப் பற்றியது. ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலம் பதிவுசெய்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு அங்கே பல வண்ணப் பட்டையாக இடப்பட்டுள்ளது. பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்ட இந்த ஒளி, நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,370 கோடி ஆண்டுகள் பயணித்திருக்கிறது என்பதால், அதன் பிறப்பிடத்தை அங்கே குறித்தது சரிதான். ஆனால் அந்தக் கதிர்வீச்சு இன்று விளிம்பில் தங்கியிருக்கவில்லை. வெற்றிடமாகத் தெரியும் இடைவெளிகளிலும், நாம் அமர்ந்திருக்கும் அறையிலும், ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் சுமார் 411 ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) வீதம் அது நிறைந்திருக்கிறது. அதன் வெப்பநிலை 2.725 கெல்வின், அதாவது சுமார் −270 பாகை செல்சியஸ். எல்லா விண்மீன் திரள்களும் இதுவரை உமிழ்ந்து விண்வெளியில் பரவியிருக்கும் ஒளியைச் சேர்த்தாலும் ஆற்றலில் இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பொருள் இழைகளாகத் திரண்டிருக்க, கதிர்வீச்சோ ஏறக்குறைய எங்கும் சீராகப் பரவியிருக்கிறது என்ற இந்த அடிப்படை வேறுபாடு, பட்டையைப் பார்க்கும் மாணவருக்குத் தலைகீழாகவே பதியும். பட்டைக்குப் பக்கத்தில் இரண்டு வரி விளக்கம் சேர்த்தாலே இந்தக் குறை தீர்ந்துவிடும்.

கைப்பேசியில் பார்ப்பதைவிடக் கணினியின் பெரிய திரையில் பார்ப்பதே நல்லது. பள்ளிச் சுவருக்காக அச்சிட நினைப்பவர்கள் சிறிய தாளைத் தவிர்க்கட்டும். இழைகள் கலங்கி, வெறும் வண்ணத் தூளாகத்தான் தெரியும்.