ஊறுகாய் பாட்டில் லேபிளுக்கு ரிப்பன் தேவையா?

ஊறுகாய், மசாலாப் பொடி, செக்கு எண்ணெய் என்று சிறிய அளவில் தயாரித்து விற்பவர்கள் லேபிள் பிரிண்டர் வாங்கப் போனால் இரண்டு வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். டைரக்ட் தெர்மலுக்கு ரிப்பன் (மை பூசிய நாடா) வேண்டாம்; தெர்மல் டிரான்ஸ்ஃபருக்கு வேண்டும். ரிப்பன் செலவு மிச்சம் என்று பலரும் முதல் வகையை வாங்கிவிடுகிறார்கள். கூரியர் பார்சலுக்கு அது சரியான முடிவுதான். ஓராண்டு அலமாரியில் நிற்க வேண்டிய ஊறுகாய் பாட்டிலுக்கு அது ஒத்துவராது என்பதே என் கருத்து.

டைரக்ட் தெர்மல் தாளின் மேற்பூச்சில் நிறமற்ற ஒரு சாயப்பொருளும் அதைக் கறுக்கச் செய்யும் அமிலத்தன்மையுள்ள பொருளும் இருக்கின்றன. பிரிண்டரில் சூடாகி அச்சிடும் பாகமான பிரிண்ட் ஹெட்டின் சூடு பட்ட புள்ளிகளில் இரண்டும் உருகிச் சேர்ந்து எழுத்தாகின்றன. கடையில் தரும் பில்லை நகத்தால் அழுத்தி வேகமாகக் கீறினால் கறுப்புக் கோடு விழுவதும் உரசலில் பிறக்கும் சூட்டால்தான். கையில் இருக்கும் ரோல் எந்த வகை என்று தெரியாதபோது இந்தச் சோதனையே போதும். ஆனால் அந்தக் கறுப்பு நிலையானதல்ல. வெயில் அதை மங்க வைக்கும். எண்ணெய் வெளிற வைக்கும். சூடு மிகுந்தால் தாள் முழுவதுமே கறுக்கத் தொடங்கும்.

நான் முதன்முதலில் மாங்காய் ஊறுகாய்க்கு ஒட்டிய லேபிள்கள் அத்தகையவை. மூடியின் ஓரம் கசிந்த நல்லெண்ணெய் வழிந்த பாட்டில்களில், சில வாரங்களுக்குள் பேட்ச் எண் இருந்த இடம் பழுப்பேறிய வெறும் தாளாகிவிட்டது. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள், விலையும் நிகர அளவும் தயாரிப்பாளர் முகவரியும் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்கின்றன. எழுத்து அழிந்த பாட்டிலைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

தெர்மல் டிரான்ஸ்ஃபரில், மெல்லிய பாலியெஸ்டர் ரிப்பனில் பூசப்பட்ட மை உருகிச் சாதாரண லேபிளில் ஒட்டிக்கொள்கிறது. இங்கும் ரிப்பன் என்று மட்டும் கேட்டு வாங்கினால் ஏமாறுவோம். விலை குறைந்த வேக்ஸ் (மெழுகு மை) ரிப்பன், பளபளப்புப் பூச்சுள்ள குரோமோ தாளில் நன்றாகவே அச்சாகும். ஆனால் எண்ணெய்க் கையால் தேய்த்தால் அதுவும் கலையும். மெழுகோடு ரெசின் (செயற்கைப் பிசின்) சேர்ந்த வேக்ஸ்-ரெசின் கலப்பு உரசலை இன்னும் நன்றாகத் தாங்கும். ரெசின் ரிப்பனைப் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் பிளாஸ்டிக் லேபிளில் அச்சிட்டால்தான் எண்ணெயையும் ஈரத்தையும் பற்றிய கவலை பெருமளவு தீரும்; அதற்கு ஹெட்டின் சூட்டைக் கூட்டி, வேகத்தைக் குறைக்க வேண்டும். பொடி வகைகளுக்குக் குரோமோ தாளும் வேக்ஸ்-ரெசினும் போதும். ஊறுகாய்க்கும் எண்ணெய்க்கும் ரெசினையே நான் பரிந்துரைப்பேன்.

செலவைப் பார்ப்போம். லேபிள் 50×25 மி.மீ., இடைவெளி 3 மி.மீ. என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் 28 மி.மீ. ரிப்பன் ஓடும். 300 மீட்டர் ரிப்பனில் சுமார் 10,700 வரிசைகள் கிடைக்கும். ஒரு வரிசைக்கு இரண்டு லேபிள் உள்ள ரோலானால் 21,000க்கு மேல். ஒரு ரிப்பனின் விலையை அந்த எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், பயந்த அளவுக்குச் செலவில்லை என்பது விளங்கும். டைரக்ட் தெர்மலில் தாளே ஹெட்டை நேரடியாக உரசுவதால் ஹெட் தேய்மானம் அதிகம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரிப்பனுக்குத் தொந்தரவு இல்லாமலில்லை. மை வெளிப்பக்கம் சுற்றியதா, உட்பக்கமா என்று இயந்திரத்துக்கு ஏற்பப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு லேபிளின் பசைப் பக்கத்தை ரிப்பனில் ஒட்டி எடுத்தால் மை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். லேபிளை விட ரிப்பன் சற்று அகலமாக இல்லாவிட்டால் ஹெட்டின் ஓரம் வெறுந்தாளில் உரசிப் பழுதாகும். சுருக்கம் விழுந்தால் பார்கோடின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும்.

டைரக்ட் தெர்மலுக்கு உரிய இடமும் உண்டு. சூப்பர் மார்க்கெட் தராசு கக்கும் காய்கறி ஸ்டிக்கர் சில நாட்களுக்கும், 100×150 மி.மீ. கூரியர் லேபிள் ஒரு வாரத்துக்கும் தாங்கினால் போதும்; அங்கே ரிப்பன் வீண் செலவு.

இரண்டும் தேவைப்படுபவர்கள் ரிப்பன் பிரிண்டரையே வாங்கலாம். பெரும்பாலான மாடல்களில் ரிப்பனைக் கழற்றி அமைப்பை மாற்றினால் கூரியர் லேபிளும் அச்சாகும். டைரக்ட் தெர்மல் மட்டும் உள்ள இயந்திரத்தில் பின்னால் ரிப்பன் பூட்ட வழியில்லை. பணம் கட்டும் முன் இரண்டிலும் மாதிரி அச்சிட்டு வாங்கி, உங்கள் ஊறுகாய் எண்ணெயைத் தடவி, ஒரு வாரம் வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வையுங்கள்.