கம்பனி வைஃபை மென்பொருளா, விண்டோஸ் தருவதா?

புது லாப்டாப்பில் வைஃபையைக் கவனிக்கப் பல நேரங்களில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒன்று விண்டோஸோடு வருவது, மற்றது லாப்டாப் கம்பனி சேர்த்து அனுப்புவது. இரண்டோடும் வருடக்கணக்கில் புழங்கிவிட்டேன். இப்போது வைஃபை அட்டையை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு நிரலான டிரைவரை மட்டும் கம்பனியிடம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விண்டோஸிடமே விட்டிருக்கிறேன். டிரைவர் இல்லாமல் வைஃபை அட்டை இயங்காது. எந்த நெட்வேர்க்கில் சேர்வது என்று மேலிருந்து முடிவெடுக்கும் நிரல் இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

“கம்பனி சொஃப்ட்வெயரையே போடுங்கோ” என்று திருகோணமலையில் இன்றும் அறிவுரை கிடைக்கும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது சரி. வைஃபையைப் பூட்டிவைக்கும் டபிள்யூபிஏ2 பாதுகாப்பே அதற்குப் பிற்பாடு அப்டேட்டாகத்தான் வந்தது. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸ் இந்த வேலையைத் தானே ஒழுங்காகச் செய்கிறது.

என் விண்டோஸ் 7 லாப்டாப்பில் கம்பனி மென்பொருளை நெடுநாள் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. உட்துறைமுக வீதி அலுவலகத்தில் நிலையான ஐபி (கையால் போடும் மாறாத நெட்வேர்க் முகவரி), உப்புவெளி வீட்டில் தானாக வருவது. அது இரண்டையும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொண்டது. ஆனால் மூடிய லாப்டாப்பைத் திறந்தால் வைஃபை இணையும், அறும், மறுபடி இணையும். ஒரே அட்டையை இரண்டு மென்பொருளும் ஆளப் பார்த்தன. பிறகு அலுவலக ரவுட்டரிலேயே என் லாப்டாப்புக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டார்கள். கம்பனி நிரலுக்கு வேலை போயிற்று, நீக்கினேன், இழுபறியும் நின்றது.

இப்போதைய லாப்டாப்பில் வந்தது இன்னும் கெட்டிக்காரத்தனமானது. எந்தச் செயலிக்கு முன்னுரிமை என்று அதுவே தீர்மானிக்கும், சூம் வகுப்பு நடுவில் திணறும். அதையும் எடுத்துவிட்டேன். அப்புறமும் பின் அறையில் அவ்வப்போது அறுந்தது. நெட்ஷ் (netsh) என்ற விண்டோஸ் கட்டளையால் விண்டோஸின் வைஃபை அறிக்கையை எடுத்தால் கடந்த 3 நாட்களின் துண்டிப்புகள் காரணத்தோடு வரும். பார்த்தால், தடித்த சுவரைத் தாண்டத் திணறும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கும் 2.4க்கும் இடையே அட்டை தாவிக்கொண்டிருந்தது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டிரைவரின் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் 2.4ஐ விருப்ப அலைவரிசையாக்கியதும் அடங்கியது.

பழைய நிரலில் எனக்குப் பிடித்தது அதன் சனல் வரைபடம் ஒன்றுதான். சீசனில் உப்புவெளி விருந்தினர் விடுதிகளின் வைஃபை எல்லாம் சுற்றி நெருக்கும்போது, 2.4இல் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 சனல்களில் எது காலி என்று ஒரு பார்வையில் தெரியும். அதற்கு இப்போது போனில் ஒரு அனலைசர் செயலி வைத்திருக்கிறேன்.