தமிழில் பேசினான் என்று நம்பி 14,400 ரூபாய் விட்டேன் - ஆப்பில் ரிட்டர்ன் லோடு தேடுகிற டிரைவர்கள் படிங்க

ஒத்த வண்டி வைத்துக்கொண்டு தானே ஓட்டுகிற அண்ணன் தம்பிகள் எல்லாரும் இதைக் கொஞ்சம் படிங்க. நேற்று ராத்திரிதான் கும்மிடிப்பூண்டியில் லோடு இறக்கிவிட்டு, காரனோடை பாலம் தாண்டி வந்து மாதவரத்தில் வண்டியைப் போட்டேன். வீடு எர்ணாவூர். கூப்பிடு தூரம்தான், ஆனாலும் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. போனால் டயர் பணம் எங்கே என்று கேட்பார்கள். கேபினில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், வயிறு எரிகிறது.

போன வாரம் மணலியில் ஆயில் பேரல் ஏற்றிக்கொண்டு நாக்பூர் போனேன். 1,100 கிலோமீட்டருக்கு மேல். கிளீனர் பையன் அவன் அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டான், தனியாகத்தான் ஓட்டினேன். அங்கே வாடி என்கிற இடத்தில் லோடு இறக்கிவிட்டு ரிட்டர்னுக்காக மூன்று நாள் நின்றேன். வழக்கமாகப் பார்க்கிற புக்கிங் ஆபீஸில் "இன்னைக்கு இல்ல, நாளைக்கு வா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எம்ப்டியாக இறங்கினால் டீசலும் டோலும் கைக்காசு. வண்டி டியூ மாசம் 10-ஆம் தேதி. அதனால் போனில் இருக்கிற லோடு ஆப்பில் வண்டியைப் போட்டேன். பேர் சொல்லவில்லை. வண்டி நம்பர் கொடுத்து லோடு தேடுகிற ஆப், மாசச் சந்தா கட்டுகிற வகை. இதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு லோடு அதில் எடுத்திருக்கிறேன், ஒரு குறையும் வந்ததில்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணி இருக்கும். வண்டி ஓரத்துப் பெட்டியில் ஸ்டவ் பற்றவைத்து சோறு கொதிக்கிறது, போன் வந்தது. எடுத்து எனக்குத் தெரிந்த லாரிக்கார இந்தியில் ஆரம்பித்தேன். அந்தப் பக்கம், "அண்ணா, வண்டி நம்பர் பாத்தேன், நம்ம பக்கம்தானா? நானும் தண்டையார்பேட்டதாண்ணா" என்றான். மூன்று நாளாகத் தமிழ்ச் சத்தம் காதில் விழாத ஆளுக்கு அது எப்படி இருக்கும் என்று நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். சாப்டியாண்ணா என்று கேட்டான். கத்திவாக்கம் பக்கம் கன்டெய்னர் வண்டி வரிசையில் ராத்திரி பூரா நின்ற கதை சொன்னான், அவன் அப்பாவும் டிரைவர்தானாம். இப்போது நாக்பூரில் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் இருக்கிறானாம். நான் நின்று பேசிக்கொண்டே இருந்ததில் சோறு குழைந்துவிட்டது. ஆப்பில் அவன் பேருக்குப் பக்கத்தில் பச்சை டிக் இருந்தது, சரிபார்த்த ஆள் என்று போட்டிருந்தது.

லோடு இதுதான். நாக்பூர் கலம்னா மண்டிப் பக்கம் ஒரு பருப்பு மில்லில் துவரம் பருப்பு, 50 கிலோ மூட்டை 340, 17 டன். இறக்க வேண்டியது செங்குன்றத்தில் ஒரு குடோன். டன்னுக்கு 2,900. லோடு ஏறியதும் 80 சதவீதம் அட்வான்ஸ், மிச்சம் இறக்கின கையெழுத்து வந்ததும். செங்குன்றம் என்றால் எனக்கு வீட்டு வாசல் மாதிரி. வேண்டாம் என்று எவன் சொல்லுவான்?

முதலில் கமிஷன் 2,400 கேட்டான். கமிஷனை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம், லோடு கண்ணில் படுவதற்கு முன்னால் கைக்காசு கேட்கிற புரோக்கரை 15 வருஷத்தில் நான் பார்த்ததில்லை. சொன்னேன். "உன்னாண்ட கேக்கக் கூச்சமா கீதுண்ணா, ஆபீஸ்ல ரூல் மாத்திட்டாங்க, நிறைய பேரு லோடு புக் பண்ணிட்டு வராம போறானுங்க" என்றான். ஞாயமாகப் பட்டது. அனுப்பினேன். ஆர்.சி., லைசென்ஸ், ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் போட்டோ கேட்டான். எல்லா ஆபீஸிலும் கேட்பதுதான், அதையும் அனுப்பினேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன், பணத்தைவிட அது பெரிய ஆப்பு.

வியாழக்கிழமை காலையில் லோடிங் டெபாசிட் 7,200 என்றான், மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் சங்கத்துக்குக் கட்டணும், அட்வான்ஸோடு திரும்பி வரும் என்றான். யோசித்தேன், பொய் சொல்லவில்லை, பத்து நிமிஷம் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு யோசித்தேன். அப்போதுதான் எல்.ஆர். போட்டோ வந்தது, சரக்கு ஏற்றினதுக்கு டிரான்ஸ்போர்ட்டில் கொடுக்கிற ரசீது அது. என் வண்டி நம்பர், என் பேர், மில் பேர், செங்குன்றம் குடோன் விலாசம், ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் இருந்தது. கூடவே ஈ-வே பில், சரக்கு ரோட்டில் போக ஜி.எஸ்.டி.க்காக எடுக்கிற சீட்டு. அதைப் பார்த்ததும் மனசு விழுந்துவிட்டது, அனுப்பிவிட்டேன். ஊரைச் சுற்றிக்கொண்டு மில்லுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது மறுபடி போன், சரக்கு இன்சூரன்ஸ் 4,800, அது கட்டினால்தான் கேட் பாஸ். ஓரம் கட்டி அதையும் அனுப்பினேன். 2,400, 7,200, 4,800. மொத்தம் 14,400 ரூபாய். எஃப்.சி.க்கு, அதான் வண்டித் தகுதிச் சான்றுக்கு, முன்னால் பின்சக்கரத்துக்கு ரெண்டு டயர் ரீட்ரேட் போட வைத்திருந்த பணமும், நாக்பூரில் டீசல் போட வைத்திருந்த பணமும் அதில்தான் போனது. மகாராஷ்டிராவில் டீசல் மலிவு, தெலுங்கானா, ஆந்திராவில் ஏறிவிடும், அதனால் அங்கேயே டேங்கை நிரப்பிக்கொண்டு இறங்குவோம். அதற்கும் இல்லாமல் போனது.

மில் இருந்தது. பொய் மில் இல்லை, பேர்ப்பலகையும் எல்.ஆரில் இருந்த பேரும் ஒன்றுதான். கேட்டில் ஒரு வயசான வாட்ச்மேன், போனில் எல்.ஆரைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்து விரித்துக் காட்டினார். பென்சிலில் ரெண்டு வண்டி நம்பர், ஒன்று ஹரியானா, இன்னொன்று நம்ம தமிழ்நாட்டு நம்பர். இந்த வாரத்தில் நீ மூணாவது ஆள் என்றார். இங்கே இன்றைக்கு மெட்ராஸ் லோடே இல்லை என்றார். நான் கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனுஷன்தான் டீ வாங்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அவனுக்கு அடித்தேன். முதல் ரெண்டு தடவை "வரேன்ணா, அஞ்சு நிமிஷம், கேட்டுலயே இரு" என்றான். மூணாவது தடவை கட் பண்ணினான். அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

அப்புறம்தான் எல்.ஆரை ஒழுங்காகப் பார்த்தேன். எடை சரியாக 17,000 கிலோ என்று போட்டிருந்தது. வண்டி எடைமேடையே ஏறவில்லை, காலி எடையே போடவில்லை, எப்படி எடை வரும்? லோடு ஏறி, எடை போட்டு, அதற்கப்புறம்தான் எல்.ஆர். எழுதுவார்கள், இது கிளீனருக்கே தெரியும். ஈ-வே பில்லிலும் மூன்று நாள்தான் கெடு. 2021 ஜனவரியில் இருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, இந்தத் தூரத்துக்கு ஆறு நாள் வந்திருக்கணும். கண்ணுக்கு முன்னால் இருந்தது, வண்டி நம்பரையும் ஸ்டாம்பையும் பார்த்தேனே தவிர இதைப் பார்க்கவில்லை.

ஆப்காரர்களைக் கூப்பிட்டேன். முதலில் மெஷின், ஒன்றை அழுத்து, ரெண்டை அழுத்து. இருபது நிமிஷம் பாட்டு. அப்புறம் ஒரு பொண்ணு இந்தியில் பேசி, புகார் பதிந்தாச்சு, 48 மணி நேரத்தில் கூப்பிடுவோம் என்றது. 48 மணி நேரமும் போனது, யாரும் கூப்பிடவில்லை. நானே மறுபடி கூப்பிட்டேன், வேற ஆள், முதலில் இருந்து கதை. கடைசியில் என்ன சொன்னார்கள் தெரியுமா, நாங்கள் வண்டிக்காரரையும் லோடுகாரரையும் சேர்த்துவைக்கிற இடம் மட்டும்தான், பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, அதனால் பொறுப்பு இல்லை என்று. அப்போ அந்தப் பச்சை டிக் யார் போட்டது? மாசாமாசம் சந்தா யார் வாங்குவது? இதற்குள் அவன் பேரும் டிக்கும் ஆப்பில் இல்லை, நான் பேசின விவரமும் காணோம். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று தமிழில் ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. என் அனுபவம் இல்லை அது, என் 14,400 ரூபாய்.

பேங்கில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். நாக்பூரில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில், உன் ஊரில் கொடு என்றார்கள். இன்று காலை இங்கே ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன், சம்பவம் அங்கேதானே நடந்தது, அங்கே கொடு என்றார்கள். சைபர் மோசடிக்கான 1930 நம்பருக்கு உடனே போன் அடிக்கணும் என்று எனக்குத் தெரியாது. நண்பன் சொல்லி நான் அடிக்கும்போது ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது, பணத்தை அவன் வேற வேற கணக்குக்கு மாற்றி எடுத்துவிட்டான். புகார் நம்பர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

திருவொற்றியூரில் இருக்கிற அந்த நண்பன்தான் டீசலுக்குப் பணம் போட்டுவிட்டான். ஹைதராபாத் வரைக்கும் அடிமாட்டு விலைக்கு ஒரு லோடு, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இரும்பு ஸ்கிராப் ஒரு லோடு. அப்படித்தான் ஊர் வந்து சேர்ந்தேன்.

இப்போது அந்த டாக்குமென்ட் கதை. சனிக்கிழமை ஓங்கோல் பக்கம் வரும்போது ஒரு தெலுங்குக்காரர் கூப்பிட்டார். வண்டி எங்கே இருக்கிறது, ஏன் லோடுக்கு வரவில்லை என்று கத்துகிறார். எந்த லோடு என்றால், என் ஆர்.சி., என் லைசென்ஸ், என் ஆதார் எல்லாம் அவர் போனில் இருக்கிறதாம். என் பேரைச் சொல்லி ஒருத்தன் அவரிடம் டீசல் அட்வான்ஸ் 20,000 வாங்கிவிட்டான். பணம் போன கணக்கு எனக்குத் தெரியாத யாருடையதோ, ஆனால் ஆர்.சி.யில் இருக்கிற பேரும் நம்பரும் என்னுடையது. அவர் பார்வையில் திருடன் நான்தான். நானும் ஏமாந்தவன் சார் என்று ரோட்டோரம் நின்று அரை மணி நேரம் கெஞ்சினேன். நம்பின மாதிரி தெரியவில்லை. ஆந்திரா ரோட்டில் மாசம் நாலு தடவை போகிறவன் நான், எங்காவது வண்டியை மறித்தால் என்ன செய்வேன்? 14,400 போனதுகூடப் பரவாயில்லை என்று அப்போது தோன்றியது.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை, அதனால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். லோடு ஏறுவதற்கு முன்னால் எந்தப் பேரிலும் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள், கமிஷனை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எடை போடாமல் எல்.ஆர். வந்தால் அது காகிதம்தான். கிளம்புவதற்கு முன்னால் மில் நம்பரைப் புரோக்கரிடம் கேட்காமல் வேறு வழியில் தேடி நேராகக் கேளுங்கள். ஆர்.சி., ஆதார் போட்டோ அனுப்பினால் அதன்மேல் யாருக்கு, என்றைக்கு, எந்த லோடுக்கு என்று குறுக்கே எழுதி அனுப்புங்கள். பணம் போய்விட்டால் கேட்டில் உட்கார்ந்து அழாமல் அந்த நிமிஷமே 1930. இன்னும் இருக்கிறது, இப்போதைக்கு இதுதான் வருகிறது.

அந்தத் தெலுங்குக்காரர் மறுபடி கூப்பிடுகிறார். காலையில் இருந்து இது ஆறாவது தடவை. எடுக்கணும், எடுக்காவிட்டால் திருடன் என்று முடிவே பண்ணிவிடுவார்.