உலக உருண்டையும் ஒரு நூல்கண்டும்: காரைக்குடி டியூஷன் வகுப்பில் பல ஆண்டுப் பயன்பாடு

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் மாலை நேரத்தில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்காக வாங்கிய 30 செ.மீ. உலக உருண்டை பல ஆண்டுகளாக என் மேசையில் இருக்கிறது. கடையில் குளோப் வேண்டும் என்றால் எடுத்துத் தருவார்களே, அந்தச் சாதாரண வகைதான். பிளாஸ்டிக் உருண்டை, மேலே அச்சடித்த தாள், சாய்ந்த தண்டு, வட்டமான அடித்தட்டு. உள்ளே விளக்கு கிடையாது, தொட்டால் பேசாது. பிள்ளைக்கு இதை வாங்கலாமா என்று பெற்றோர் அடிக்கடி கேட்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

வாங்கலாம். ஆனால் கூடவே ஒரு நூல்கண்டும் ஒரு ஸ்கேலும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அவை இல்லாமல் வைத்தால், அது சுற்றிவிட்டு வேடிக்கை பார்க்கிற பொருளாகி ஒரு மாதத்தில் அலமாரி மேல் ஏறிவிடும்.

30 செ.மீ. உருண்டையில் ஒரு செ.மீ. என்றால் நிலத்தில் ஏறக்குறைய 425 கி.மீ. இரண்டு ஊர்களுக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அதுதான் குறுக்கு வழி. அளந்து பெருக்கினால் தூரம் வந்துவிடும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு குழுவிடமும் நான் முதலில் கேட்பது, "நம்ம ஊரிலிருந்து டெல்லி பக்கமா, ரங்கூன் பக்கமா?" என்பதுதான். டெல்லி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். டெல்லி நம் நாடு, ரங்கூன் (இன்றைய யாங்கோன்) பர்மாவில், அதாவது மியான்மரில் இருக்கும் வெளிநாட்டு ஊர். பாடப் புத்தகத்தில் இந்திய வரைபடம் பர்மா எல்லையில் முடிந்துவிடுகிறது, அதற்கப்பால் வெள்ளைத் தாள். நூலை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம்தான் வருகிறது. இரண்டுக்கும் சுமார் 2,000 கி.மீ., ஐந்து செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. நம்பாமல் திரும்பத் திரும்ப அளக்கும் பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த ஐந்து செ.மீ. நூலிலிருந்து செட்டிநாட்டின் பாதி வரலாற்றைச் சொல்லிவிடலாம். 1852 போரில் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். ஐராவதி டெல்டாவில் காடு திருத்தி நெல் போட விவசாயிகளுக்குப் பணம் தேவைப்பட்டது. நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் கடன் கொடுத்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசி ஐரோப்பாவுக்குப் போகும் வழி சுருங்கியது. இந்தப் பிள்ளைகள் தினமும் கடந்துபோகும் பெரிய வீடுகளின் தேக்குத் தூண்கள் அந்தக் காலத்தில் வந்தவை. காரைக்குடியின் பர்மா காலனிக்கு ஏன் அந்தப் பெயர் என்று அங்கேயே குடியிருக்கும் பிள்ளைக்கே பல சமயம் தெரிவதில்லை.

திருத்த வேண்டிய எண்ணங்கள் இங்கேதான் நிறைய. வீட்டில் கேட்டுவந்த ஒரு மாணவன், "பர்மாக்காரங்க நம்ம சொத்தையெல்லாம் பிடுங்கிட்டாங்க டீச்சர்" என்றான். பிடுங்கப்பட்டது உண்மை. 1948 சுதந்திரத்துக்குப் பிறகு நிலம் நாட்டுடைமை ஆனது. 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் கடைகளும் தொழில்களும் போயின, லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆனால் அதற்கு முந்தைய பாதியையும் நான் சொல்வேன். 1930 பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. பர்மிய விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. 1938இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் கால்வாசி செட்டியார்களிடம் இருந்தது. நிலம் வேண்டும் என்று அவர்கள் தேடிப் போகவில்லை, அவர்களுக்குத் தேவை திரும்பி வரும் பணம். இருந்தாலும் தாத்தா காலத்து நிலத்தை இழந்த அந்த விவசாயியின் வீட்டில் இந்தக் கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கும் என்று கேட்டேன். அந்த மாணவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அவங்களும் இதையேதான் சொல்லியிருப்பாங்க" என்றான்.

பர்மாவுக்குப் போன தமிழர் எல்லோரும் முதலாளிகள் என்பது இன்னொரு எண்ணம். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் பெரும்பாலோர் துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் கூலிவேலை செய்தவர்கள். 1942இல் ஜப்பான் படை வந்தபோது கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். பர்மாவின் கலேவா, டாமு, நம் மணிப்பூரின் இம்பால் என்று நூலை வைத்தால் உருண்டையில் அது விரல் நகத்தளவுதான் இருக்கும். அந்த நகத்தளவு தூரத்தில் மலையும் காடும் காலராவும் இருந்தன, பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். உருண்டையை மட்டும் நம்பி வரலாறு நடத்த முடியாது என்பது எனக்கு உறைத்தது இந்தப் பாடத்தில்தான். தூரத்தைத்தான் அது காட்டும், அந்தத் தூரத்தைக் கால்நடையாகக் கடந்த பாட்டை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

சுவர் மேப்போடு ஒப்பிட்டால் உருண்டையின் பலம் பரப்பளவில் தெரியும். கைபேசியில் பெரும்பாலும் பார்க்கும் தட்டை மேப்பில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு நிற்கும். உருண்டை மேல் பட்டர் பேப்பரை ஒட்டி கிரீன்லாந்தை வெட்டியெடுத்து ஆப்பிரிக்கா மேல் வைக்கச் சொல்வேன். கிட்டத்தட்ட 14 துண்டு வேண்டும். இந்தியா மேல் வைத்தாலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். அமெரிக்கா, சீனா, இந்தியா மூன்றையும் ஆப்பிரிக்காவுக்குள் அடக்கினாலும் இடம் பாக்கி இருக்கும். ஆப்பிரிக்கா ஒரு நாடு என்று நினைக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். 54 நாடுகளையும் விரல் வைத்து எண்ண வைத்தால் அத்தோடு சரியாகிவிடுகிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. தங்கள் நாட்டைப் பெரிதாகக் காட்டவே ஐரோப்பியர் இப்படி மேப் போட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது, பிள்ளைகள் அதையும் கொண்டுவருவார்கள். 1569இல் மெர்க்காட்டர் என்ற வரைபட வல்லுநர் அதை வரைந்தது மாலுமிகளுக்காக. திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் போகும் பாதை அந்த மேப்பில் நேர்கோடாக விழும். அந்த வசதிக்குக் கொடுத்த விலைதான், துருவத்தை நெருங்க நெருங்க எல்லாம் பெரிதாவது. ஒரு தப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு தப்பை வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கொலம்பஸும் அப்படித்தான். பூமி தட்டை என்று எல்லோரும் நம்பினார்கள், அவர் ஒருவர்தான் உருண்டை என்றார் என்பது பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் கதை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிட்டார். ஆரியபட்டர் கி.பி. 499 வாக்கில் பூமி உருண்டை, அது தன்னைத்தானே சுற்றுகிறது என்று எழுதினார். கொலம்பஸை எதிர்த்த அறிஞர்கள் தூரம் அதிகம் என்றுதான் வாதாடினார்கள், அவர்கள் சொன்னதே சரி. அவர் பூமியைச் சின்னதாகக் கணக்குப் போட்டிருந்தார், நடுவில் ஒரு கண்டம் குறுக்கிட்டதால் பிழைத்தார். இதை ஸ்பெயினிலிருந்து மேற்கே ஜப்பான் வரை நூலைப் பிடித்துக் காட்டினால் போதும், விளக்கமே வேண்டாம்.

அதே நூலை மெக்சிகோவுக்கு நீட்டி, செட்டிநாட்டுச் சமையலுக்கு வருவேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துகீசியர் வந்தபின்தான் நமக்கு வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா எல்லாம் அந்தப் பக்கத்தவை. புளிய மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. பக்கத்து வீட்டு ஆச்சி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அதுக்கு முன்னாடி உறைப்புக்கு என்னம்மா போட்டாங்க?" என்றார். மிளகு. உலகமே கப்பலேறி வந்து கேட்ட மிளகு. ஆச்சி கேட்ட கேள்வியைத்தான் இப்போது வகுப்பிலும் கேட்கிறேன்.

கடினமானது குமரிக்கண்டம். குமரிமுனைக்குத் தெற்கே மடகாஸ்கர் வரை ஒரு கண்டம் இருந்து மூழ்கியது என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா என்ற கருத்தை 1864இல் முன்வைத்தவர் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர். லெமூர் என்ற, குரங்கு போன்ற வகை விலங்குகள் கடலின் இரு பக்கமும் எப்படி வந்தன என்று விளக்கத்தான் அந்தக் கண்டத்தை ஊகித்தார். கண்டங்களே நகர்கின்றன என்பது உறுதியானபின் அந்த ஊகத்துக்குத் தேவை இல்லாமல் போனது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. அப்போது மனிதனே கிடையாது.

இதோடு நிறுத்தினால் பிள்ளைகள் முகம் வாடிவிடும், நிறுத்தவும் கூடாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் கீழே இருந்தது. தொண்டிக் கடலில் இறங்கிக் கால் நனைத்த பிள்ளைகளுக்கு அங்கே ஆழம் குறைவு என்று தெரியும். அந்தக் கடல் முழுதும் அப்போது நிலம், இலங்கைக்கு நடந்தே போகலாம். கடல் நிலத்தை விழுங்கியது நடந்ததுதான். கண்டம் மூழ்கியதுதான் நடக்கவில்லை. இதைச் சொன்னதற்காக ஒரு பெற்றோர், தமிழ்ப் பெருமையைக் குறைக்கிறேன் என்று கோபித்துக்கொண்டு பிள்ளையை நிறுத்திவிட்டார். வருத்தமாக இருந்தது. பெருமைக்கு நமக்குச் சான்றுள்ள கதைகளே ஏராளமாக இருக்கின்றன. ராஜேந்திர சோழன் 1025இல் சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசின் மேல் கடற்படை அனுப்பினான். தென்கிழக்கு ஆசியா முழுவதையும் அவன் ஆண்டதாகக் கலர் அடித்த படங்கள் வருகின்றன, அது படையெடுப்புதான், நிலையான ஆட்சி இல்லை. ஆனால் படை திரும்பிய பிறகும் வணிகர்கள் அங்கே தங்கினார்கள். சுமத்ராவின் பரோஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சீனாவின் சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு என்று நாகப்பட்டினத்திலிருந்து நூல் நீட்டும்போது பிள்ளைகளின் கண் விரிகிறது.

வானியலுக்கும் இதே உருண்டைதான். நிலா எவ்வளவு தூரம் என்று கேட்டால் பிள்ளைகள் ஒரு முழம் தள்ளிக் கை வைப்பார்கள். இந்த அளவுக்கு நிலா ஒரு சாத்துக்குடி, தூரம் 9 மீட்டர். உருண்டையை முகப்பில் வைத்து, சாத்துக்குடியோடு ஒரு பிள்ளையை வளவுக்குள் (வீட்டின் உள்முற்றத்துக்கு) அனுப்ப வேண்டியிருக்கும். விண்வெளி நிலையமோ தாளிலிருந்து ஒரு செ.மீ. உயரத்தில்தான். சூரியன் பக்கத்தில் வருவதால் கோடை என்பதும் மாடியில் ஒரு குச்சி நட்டால் போய்விடும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். காரைக்குடியில் குச்சியின் நிழல் மறைவது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மட்டுமே, பகல் சுமார் 12.15 மணிக்கு. ஜூனில் நண்பகல் நிழல் தெற்கே விழும். அப்புறம் 23.5 டிகிரி சாய்வை மேசை விளக்கைச் சுற்றிக் காட்டினால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

குறைகளும் உண்டு. நடுக்கோட்டில் தாள் ஒட்டிய இடம் ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கிறது, ஆறுகள் அங்கே உடைந்து தெரிகின்றன. ஜன்னல் வெயிலில் பசிபிக் வெளுத்துவிட்டது. தண்டின் திருகு தளர்ந்து, துண்டுத் துணி சுற்றி இறுக்கியிருக்கிறேன். சுவாசிலாந்து இன்னும் பழைய பெயரிலேயே இருக்கிறது. அந்த நாடு 2018இல் எஸ்வாத்தினி ஆனது. ஆனால் தென் சூடான் இருக்கிறது, அதனால் 2011க்குப் பிந்தைய அச்சு. பழைய பெயர்களை நான் திருத்தி ஒட்டுவதில்லை, எந்த ஆண்டில் அச்சான உருண்டை என்று கண்டுபிடிக்கச் சொல்வதே நல்ல பாடம். ஆங்கிலத்தில் மட்டும் பெயர்கள் இருப்பதுதான் பெரிய குறை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிய சின்ன ஒட்டிகளை வைத்திருக்கிறேன், மாதத்துக்கு இரண்டு ஒட்டியாவது உதிர்ந்துவிடுகிறது.

மலைகள் புடைத்து நிற்கும் உருண்டைகள் விலை கூடுதலாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்க வேண்டாம். 30 செ.மீ. உருண்டையில் எவரெஸ்டின் உண்மையான உயரம் 0.2 மில்லிமீட்டர்தான். புடைப்பு உருண்டை ஒரு புதிய தப்பைக் கற்றுக்கொடுக்கும், நூலும் அதன் மேல் சரியாகப் படியாது. 20 செ.மீ.க்குக் குறைந்ததும் வேண்டாம், எழுத்து படிக்க முடியாது. கடையிலேயே நடுக்கோட்டில் தாள் ஒட்டிய இடத்தைப் பாருங்கள், தண்டின் திருகை அசைத்துப் பாருங்கள், அச்சான ஆண்டைத் தேடுங்கள். நூல் வழவழப்பானதாக இருந்தால் வழுக்கும், பூக்கட்டும் நூல் நன்றாகப் பிடித்து நிற்கிறது.