கொக்கியா, உருளையா: 8 எம்.எம். பிலிமை வீட்டிலேயே டிஜிட்டலாக்கும் இரண்டு வழிகள்

பழைய 8 எம்.எம். குடும்ப ரீல்களைக் கணினிக்குள் கொண்டுவர நாமே ஒரு கருவி செய்துகொள்வது என்று முடிவெடுத்துவிட்டால், உருப்படியான வழிகள் இரண்டுதான். பழைய புரொஜெக்டரைத் திறந்து, விளக்கையும் மோட்டாரையும் மாற்றி, பிரேம் பிரேமாகப் படமெடுக்கும்படி திருத்தலாம். அல்லது பிலிமின் துளைகளைத் தொடாமல், ரப்பர் உருளையால் இழுத்துச் செல்லும் ஸ்கேனரை அடியிலிருந்து கட்டலாம். நான் உருளை ஸ்கேனரைக் கட்டி எங்கள் வீட்டு ரீல்களை ஓட்டினேன். திருத்திய புரொஜெக்டரை நண்பர் ஒருவர் வீட்டில் அவருடன் சேர்ந்து ஓட்டிப் பார்த்ததோடு சரி. ஆகவே இது நடுநிலையான தீர்ப்பு அல்ல.

சுவரில் படத்தை ஓடவிட்டுக் கைப்பேசியில் எடுப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். வினாடிக்கு 16 அல்லது 18 பிரேம் வேகத்தில் ஓடும் படத்தை 25, 30 பிரேம் கேமராவால் எடுத்தால் மினுக்கல் வரும். நடுவில் வெளுப்பும் ஓரங்களில் இருட்டும் விழும். கடைகளில் விற்கும் ஆயத்த ஸ்கேனர் பெட்டிகள் அதைவிடப் பரவாயில்லை. ஆனால் அவற்றில் பலவும் கடுமையாகச் சுருக்கப்பட்ட வீடியோவைத்தான் தருகின்றன. தனித்தனி பிரேமாகக் கோப்பு கிடைக்காவிட்டால் பின்னால் நிறம் திருத்துவது சிரமம்.

புரொஜெக்டர் வழியின் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. பிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் கேட், ரீல் தாங்கிகள், ஒவ்வொரு பிரேமையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும் பொறி, எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. ஹாலஜன் விளக்கை எடுத்துவிட வேண்டும். அதன் சூட்டில் அசையாமல் நின்ற பிலிம் பொசுங்கிவிடும். அந்த இடத்தில் வெள்ளை எல்.இ.டி.யும் அதற்கு முன்னால் பால்நிற அக்ரிலிக் தகடும் போதும். மோட்டாருக்குப் பதில் மெதுவாகச் சுழலும் கியர் மோட்டார். ஷட்டர் இதழ்களைக் கழற்றிவிட்டு, அச்சில் சிறு காந்தமும் அருகில் அந்தக் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சாரும் பொருத்தினால், சுற்றுக்கு ஒருமுறை கேமராவுக்குச் சைகை போகும். கைவேலை பழகியவருக்கு இது ஒரு வார இறுதி வேலை. நண்பரின் கருவியில் படமும் தெளிவாகவே வந்தது.

ஆனால் அங்கே பிலிமை இழுப்பது, அதன் ஓரத்துத் துளைக்குள் இறங்கி இழுக்கும் கொக்கி. எனக்கு ஒத்துவராதது அது ஒன்றுதான்.

அந்தக் கொக்கி எந்த அளவுக்குச் செய்யப்பட்டதோ அந்த அளவில்தான் இறங்கும். சூப்பர் 8 பிலிமில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி 4.23 மி.மீ.; அதற்கு முந்தைய ரெகுலர் 8-இல் 3.81 மி.மீ. பிலிம் புதிதாக இருந்தபோது இருந்த அளவு இது. வீட்டு ரீல்கள் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிடேட் சிதைந்து அசிடிக் அமிலத்தை வெளியிடும். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வினிகர் வாடை அதுதான். சிதையச் சிதையப் பிலிம் சுருங்குகிறது. சென்னை போன்ற கடலோர ஊரில் பீரோவுக்கு மேல் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கிடந்த ரீல் சுருங்காமல் இருந்தால்தான் வியப்பு. கோடாக் நிறுவனத்தின் கோடாக்குரோம் வண்ணப் பிலிமாக இருந்தால் நிறம் மட்டும் நேற்று எடுத்ததுபோல இருக்கும். அதைப் பார்த்து பிலிமும் நலமாக இருப்பதாக நம்பிவிடக் கூடாது.

சுருங்கிய பிலிமில் கொக்கி துளைக்குள் சரியாக இறங்காமல் அதன் விளிம்பில் இறங்கும். முதலில் படம் நடுங்கும், பிறகு துளை கிழியும். வீட்டில் எடுத்த 8 எம்.எம். பெரும்பாலும் ரிவர்சல் பிலிம். தனியாக நெகட்டிவ் என்று எதுவும் கிடையாது. அன்று கேமராவுக்குள் ஓடிய அதே பிலிம்தான் இன்று நம் கையில் இருப்பது. கிழிந்தால் கிழிந்ததுதான்.

ஆகவே எந்தக் கருவி என்று யோசிப்பதற்கு முன் அளந்து பாருங்கள். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, பிலிமை ஸ்டீல் ஸ்கேல் மேல் இழுக்காமல் படியவைத்து, நூறு துளை இடைவெளிகளை எண்ணுங்கள். சூப்பர் 8 என்றால் 423 மி.மீ., ரெகுலர் 8 என்றால் 381 மி.மீ. இருக்க வேண்டும். நான்கு மி.மீ. குறைந்தால் சுருக்கம் ஏறக்குறைய ஒரு சதவீதம். அதற்குமேல் கொக்கியை நம்பி ஒரு ரீலையும் நான் கொடுக்க மாட்டேன். எங்கள் ரீல்களில் பாதி அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தன.

உருளைக்கும் சுருக்கம் தொல்லைதான், ஆனால் அது கணக்கில் தீரும் தொல்லை. 25 மி.மீ. விட்டமுள்ள உருளையை, சுற்றுக்கு 3200 நுண்படிகளாக ஓட்டப்படும் ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) சுழற்றுகிறது என்று வையுங்கள். ஒரு சூப்பர் 8 பிரேமுக்கு 172 படிகள் வரும். பிலிம் ஒரு சதவீதம் சுருங்கியிருந்தால் 170-க்குச் சற்று மேல் போதும். இரண்டு படி வித்தியாசம்தானே என்று விட்டால், நூறு பிரேமுக்குள் ஒரு முழுப் பிரேம் நழுவிவிடும். எனவே நிலையான எண்ணை எழுதிவைத்து ஓட்டக் கூடாது. ஒவ்வொரு படத்திலும் துளை எங்கே விழுந்திருக்கிறது என்று மென்பொருள் பார்த்து, அடுத்த இழுப்பைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். மிச்சமிருக்கும் சிறு நடுக்கத்தைப் பிறகு அதே துளையை வைத்துப் படங்களை வரிசைப்படுத்தும்போது நீக்கிவிடலாம். சூப்பர் 8-இல் துளை பிரேமின் நடு உயரத்தில் இருக்கும், ரெகுலர் 8-இல் இரண்டு பிரேம்களுக்கு இடையில். வெளிச்சம் நேராகப் புகுவதால் துளை முழு வெள்ளையாகத் தெரியும்; படங்களை ஆராயும் ஓப்பன்சிவி மென்பொருளைக் கொண்டு அதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. வெளுத்த வானத்தைத் துளை என்று அது ஏமாறாமலிருக்க, ஓரத்துப் பட்டையை மட்டும் தேடச் சொன்னால் போதும். துளை கிழிந்த இடங்களில் முந்தைய பிரேமின் கணக்கை வைத்துத் தாண்டிப் போகலாம். கொக்கி நின்றுவிடும் இடம் அது.

கேமராவாக, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் எச்.க்யூ. கேமராவை எடுத்துக்கொண்டேன். அதன் சென்சாரின் அகலம் 6.3 மி.மீ., சூப்பர் 8 பிரேமின் அகலம் 5.8 மி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால், மூடிவிட்ட ஸ்டுடியோக்களின் இருட்டறையிலிருந்து வரும் 50 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் இதற்கு மிகப் பொருத்தம். துளையும் தெரியும்படி சற்றுத் தள்ளிவைத்தாலும் பிரேமின் அகலத்துக்கு ஏறக்குறைய 3000 பிக்சல் கிடைக்கிறது. பிலிமில் படமாகத் தெரியும் நுண்மணிகளையே எண்ணலாம். அதற்குமேல் ஆசைப்படுவதில் பொருளில்லை. மோட்டார், டிரைவர், எல்.இ.டி. எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

தொல்லைகளையும் சொல்ல வேண்டும். புரொஜெக்டரில் இலவசமாகக் கிடைக்கும் தட்டையான கேட்டை இங்கே நாமே செய்ய வேண்டும். வளைந்துபோன பிலிம் ஓரத்தில் தெளிவில்லாமல் விழும். உருளை பிலிமின் ஓரங்களை மட்டும் தொடும்படி அதன் நடுவைக் குடைய வேண்டும், இல்லையென்றால் கீறல். இழுவிசை சீராக அமையும்வரை பொறுமை தேவை. 50 அடி சூப்பர் 8 ரீலில் 3600 பிரேம்கள். பிரேமுக்கு இரண்டு வினாடி என்றாலும் இரண்டு மணி நேரம் ஆகும், ஓடும் நேரமோ மூன்று நிமிடம் இருபது வினாடி. சென்சார் தருவதை அப்படியே வைத்திருக்கும் முழு ரா கோப்பாகச் சேமித்தால் ரீலுக்கு அறுபது ஜி.பி.க்கு மேல் போகும். நான் ஜேபெக்கோடு நிறுத்திக்கொண்டேன்.

அளந்து பார்த்ததில் உங்கள் ரீல்கள் சுருங்காமல், வாடையில்லாமல் இருந்தால், அவையும் நான்கைந்துதான் என்றால், புரொஜெக்டரைத் திருத்துவதே புத்திசாலித்தனம். காந்த ஒலிப்பட்டை உள்ள ரீல்களுக்கும் ஒருவேளை அதுவே சரியாக இருக்கலாம், ஒலியைப் படிக்கும் தலை அதிலேயே இருப்பதால். எங்கள் ரீல்கள் எல்லாம் ஊமை. அந்த வேலையில் எனக்கு அனுபவம் இல்லை.

எந்த வழியில் போனாலும் கடைசியில் வேகத்தைச் சரிபார்த்துவிடுங்கள். ரெகுலர் 8-க்குப் பெரும்பாலும் 16, சூப்பர் 8-க்கு 18. யாராவது நடந்துபோகும் காட்சியை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தால் எது சரி என்று உடனே தெரிந்துவிடும்.